செண்பகம் படகேறிய கதை

வீடியோ கேமுக்குக் கதை எழுதுகிறவனுக்கு இந்தத் தொழில் ஒரே ஒரு உத்தரவாதம்தான் தருகிறது: எழுதியது வராது.

மேலதிகாரி திருத்திக் கொடுத்த கடிதத்தில் தன் வாக்கியம் ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடிப் பார்த்தவர்கள், சீரியலுக்கு வசனம் எழுதிவிட்டுக் குடும்பத்தோடு டிவி முன்னால் உட்கார்ந்து அவமானப்பட்டவர்கள், கல்யாணப் பத்திரிகை வாசகத்தைச் சம்பந்தி வீட்டார் மாற்றிவிட்டார்கள் என்று இன்றுவரை அவர்களோடு பேசாமல் இருப்பவர்கள், நீங்கள் எல்லாரும் நம்ம ஆட்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஒன்பது வருஷம் கௌரவ விரிவுரையாளராக வரலாறு நடத்தினேன். அந்த ஒன்பது வருஷமும், அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் சேர்த்து ஒரு நாவல் எழுதினேன். ‘ஏழாம் வாய்க்கால்’ என்று பெயர். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குள் நடக்கிற பேய்க் கதை. செண்பகம் என்று ஒருத்தி. உப்புப் படகில் போன அவள் புருஷன் திரும்பி வரவில்லை. எந்தக் கரைக்கு வருவான் என்று தெரியாமல் வாய்க்கால் வாய்க்காலாக அலைந்து செத்துப்போகிறாள். பிறகு பேயாகி, ஏழாம் வாய்க்கால் பக்கம் வருகிற படகுக்காரர்களைத் தண்ணீருக்குள் இழுக்கிறாள். படிக்கிறவர்கள் முதலில் பயப்பட வேண்டும், பிறகு அவளுக்காக அழ வேண்டும். அதுதான் திட்டம். எந்தப் பதிப்பகமும் பயப்படவுமில்லை, அழவுமில்லை, பதில் கடிதம் போடவுமில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி கவிதாவின் தம்பி சதீஷ் கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் சன்னதித் தெருப் பக்கம் ஒரு பாத்திரக் கடை மாடியில் கேம் கம்பெனி ஆரம்பித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, என் நாவலை கேமாகப் பண்ணப் போவதாகவும், முதல் திரையிலேயே ‘கதை: தனபால்’ என்று போடப் போவதாகவும் சொன்னான். அந்த இரண்டு வார்த்தைக்காக, மறுமாதமே கல்லூரி வேலையை விட்டேன். சிதம்பரத்திலிருந்து தினமும் ரயிலேறி திருப்பாதிரிப்புலியூர் போக ஆரம்பித்தேன்.

தாண்டும் பொத்தான்

கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். படம் வரைவது, ஆள் பிடிப்பது, போனில் பொய் சொல்வது எல்லாம் சதீஷ். கதை நான். புரோகிராம் எழுதுவது இளவரசி. பண்ருட்டிப் பக்கம் திருவதிகையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண். அவள் வாயிலிருந்து ஒரு நாளைக்கு இருபது வார்த்தை வந்தால் ஜாஸ்தி. அந்த இருபதில் பதினெட்டு என் கதைக்கு எதிராக இருக்கும்.

முதல் வடிவம் தயாரானபோது, திரையில் படகு வருவதற்கு முன்னால் இருபத்திரண்டு நிமிஷம் கதை ஓடியது. உப்பு இலாகாவின் வரலாறு மட்டும் நாலு நிமிஷம். சதீஷின் சிநேகிதர்கள் நாலு பேரை வரவழைத்து விளையாடச் சொன்னோம். இளவரசி யாரையும் கேட்காமல் திரை ஓரத்தில் ‘தாண்டு’ என்று ஒரு பொத்தான் வைத்திருந்தாள். நாலு பேரும் அதைத்தான் முதலில் கண்டுபிடித்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம். ரசனை கெட்ட ஜென்மங்கள் என்று அவர்கள் காதுபடவே சொன்னேன். பொறுமை உள்ளவன் எப்படி விளையாடுவான் என்று காட்டுவதற்காக நானே உட்கார்ந்து முழுவதையும் விளையாடிக் காட்டினேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது இளவரசி தன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். யார் எப்போது பொத்தானை அழுத்தினார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகிக்கொண்டே இருந்திருக்கிறது.

“நீங்களும் மூணு எடத்துல தாண்டியிருக்கீங்க சார். உப்பு இலாகாவுல மட்டும் ரெண்டு தடவ.”

வெள்ளிக்கிழமைப் பேய்

இருபத்திரண்டு நிமிஷத்தை மூன்று நிமிஷமாகச் சுருக்கிவிட்டு, சதீஷ் செண்பகத்தை வரைய உட்கார்ந்தான். வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், கண்ணில் கருவிழி கிடையாது. உண்மையைச் சொன்னால் அற்புதமாக வரைந்திருந்தான். பெரிய திரையில் அவளை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், தண்ணீர் மோட்டார் சுவிட்சைப் போட வீட்டுக்காரர் வைத்தியலிங்கம் மாடிக்கு வந்தார். கீழே இருக்கிற பாத்திரக் கடையும் அவருடையதுதான். அன்றைக்குப் பார்த்து வெள்ளிக்கிழமை.

மனிதர் சுவிட்சை மறந்துவிட்டார். கல்யாணத்துக்குச் சீர் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் தலைக்கு மேல் தலைவிரி கோலமாக ஒருத்தி நிற்பதா என்று கேட்டார். அமாவாசை, வெள்ளி, செவ்வாய் மூன்று நாளும் அவளைப் போடக்கூடாது என்றார். அப்படிப் பார்த்தால் வாரத்தில் இரண்டு நாள் வேலை கெடும் என்று சதீஷ் சொன்னதற்கு, அப்படியானால் அவள் தலையை வாரிவிடு என்றார். அந்தத் தெருவில் வேறு மாடி கிடைப்பது குதிரைக் கொம்பு. சதீஷ் அங்கேயே உட்கார்ந்து, பச்சைப் புடவை கட்டி, பின்னல் போட்டு, கனகாம்பரமும் பொட்டும் வைத்தான். கண்ணுக்குள் கருவிழி வந்தது. நான் எகிறிக் குதித்தேன். பொட்டு விஷயத்தில் மட்டும் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை; புருஷன் உயிரோடு இருப்பதாகத்தானே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். வைத்தியலிங்கம் இரண்டடி பின்னால் போய் நின்று, மாப்பிள்ளை வீட்டாரைப் போல அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“இப்ப பாருங்க, எவ்ளோ லட்சணமா இருக்குது. இது போயி யாரு உசுர எடுக்கப் போவுது?”

கிள்ளையில் ஒரு சவாரி

துடுப்பு போடுகிற விதம் சரியாக இருக்கிறதா என்று உண்மையான படகுக்காரர் ஒருவரிடம் காட்ட வேண்டும் என்றேன் நான். வரலாற்றுக்காரன் புத்தி. அந்த யோசனைக்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்று பிற்பாடு பல முறை நினைத்திருக்கிறேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மூவரும் பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைக்குப் போனோம். கலியமூர்த்தி என்று ஒருவர் கிடைத்தார். மீன்பிடிக் குடும்பம், சுற்றுலா வருகிறவர்களை பிச்சாவரம் வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகில் கூட்டிப் போய் வருபவர். டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பை வைத்து அவர் கையில் கொடுத்தோம். துடுப்பு பரவாயில்லை என்றார். ஏழாம் வாய்க்காலுக்குள் படகை விட்டார். செண்பகம் தண்ணீரிலிருந்து எழுந்தாள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது அலறுவார் என்று.

அங்கேதான் இளவரசி ஒரு தப்பு செய்திருந்தாள். முதல் காட்சியில் உப்பு இலாகா குமாஸ்தா படகில் ஏறி உட்காருவதற்காக எழுதிய கட்டளை, எப்படியோ செண்பகத்துக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. படகுக்காரன் கழுத்தைப் பிடிக்க வேண்டியவள், படகின் முன் பலகையில் ஏறி, புடவையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தாள். கலியமூர்த்தி துடுப்பை நிறுத்தினார். திரையைப் பார்த்து, “எங்கம்மா போவணும்?” என்று கேட்டார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டார். பதில் வரவில்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டு, படகைத் திருப்பி, படகுத்துறை பக்கம் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

நான் பதறிப்போய் விளக்கினேன். இவள் செத்து இருநூறு வருஷம் ஆகிறது, இவள் பேய், உங்களைக் கொல்ல வந்திருக்கிறாள் என்று. அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பேயா இருந்தா இன்னா சார்? ஏறி ஒக்காந்துட்டா சவாரிதான்.”

எட்டு வார்த்தை

திரும்பி வருகிற பஸ்ஸிலேயே என் பேய்க் கதை பயணிகள் படகு விளையாட்டாக மாறிவிட்டது. சதீஷின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அந்த வெளிச்சம் வந்தால் யாருக்கோ கேடு என்று எனக்கு அவன் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து தெரியும். ஊர் ஊராகப் படகுத்துறைகள், ஏறுகிற பயணிகள், இறங்குகிற பயணிகள். மீன்கூடைக்காரம்மா, டீச்சர், தாலுகா ஆபீஸ் போகிறவர், புதுப் பெண். பேயே வேண்டாம், செண்பகத்தை எடுத்துவிடலாம் என்றான். மச்சான், அவ ஒருத்தியாவது இருக்கட்டும் என்று பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கெஞ்சினேன். சரி, மாமா பேச்சுக்கு மரியாதை கொடுத்து, பயணிகளில் ஒருத்தியாக இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டான்.

இப்படியாக ஏழாம் வாய்க்காலின் சாபம், உப்பு இலாகா, புருஷன் போன படகு எல்லாம் போயின. மற்ற பயணிகள் அவரவர் துறை வந்ததும் இறங்கிப் போவார்கள். செண்பகம் மட்டும் இறங்க மாட்டாள். காரணம் பெரிய தத்துவமெல்லாம் இல்லை. அவளுக்கு இறங்குவதற்கான கட்டளையை யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

எனக்கு வேலை வேண்டுமே. ஆளுக்கு ஒரு பக்கம் வீதம், படகில் வருகிறவர்கள் தங்கள் கதையைச் சொல்கிற மாதிரி எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம் மூன்று வரியானது. மூன்று வரி ஒரு வரியானது. அந்த ஒரு வரியையும் இளவரசி போன் திரையில் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“எட்டு வார்த்தைக்கு மேல போனா படகு மறைஞ்சிடுது சார்.”

நாற்பது சபாஷ்

அந்தப் படகு விளையாட்டும் நிலைக்கவில்லை. சதீஷ் ஏதோ கூட்டம் என்று சென்னைக்குப் போய்விட்டு வந்தான். வந்தவன், உலகமே இப்போது மூன்று ஒன்றாக அடுக்குகிற விளையாட்டுதான் ஆடுகிறது, நாமும் மீன் அடுக்குவோம் என்றான். மூன்று வஞ்சிரம் வரிசையாக வந்தால் மறையும், மூன்று நெத்திலி வந்தால் வெடிக்கும். படகு போயிற்று, வாய்க்கால் போயிற்று. செண்பகத்தை வீணாக்க மனமில்லாமல் திரையின் மூலையில் நிற்க வைத்தான். ஆடுகிறவர் மீனைச் சரியாக அடுக்கினால் அவள் கை தட்டிப் பாராட்டுவாள்.

என்ன சொல்லிப் பாராட்டுவாள் என்பது என் இலாகா. இருநூறு வருஷத் துக்கத்தைச் சுமந்தவள் நெத்திலிக்குக் கை தட்டுகிறாள், அதற்கு நான் வசனம். பிடிவாதத்தோடு உட்கார்ந்து நாற்பது எழுதினேன். சபாஷ், பேஷ், அடி சக்கை, ஆகா, பிரமாதம், கலக்கிட்டீங்க. வேறு எவனாவது தமிழில் நாற்பது பாராட்டு எழுதியிருந்தால் கூட்டி வாருங்கள், காலில் விழுகிறேன். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்த சதீஷ் ஓரிடத்தில் நிறுத்தி முகத்தைச் சுளித்தான்.

“மாமா, இந்த ‘பேஷ்’ மட்டும் கொஞ்சம் சோகமா இருக்குதே.”

தண்ணீர் வற்றிய நாள்

மீன் அடுக்கலைக் கொன்றவரும் கலியமூர்த்திதான். விளையாடிப் பார்க்கச் சொல்லி அவருக்கு அனுப்பியிருந்தோம். வஞ்சிரமும் விராலும் ஒரே வலையில் எப்படி வரும், ஒன்று கடலில் கிடக்கிறது, ஒன்று குளத்தில் கிடக்கிறது என்று கேட்டு போனை வைத்துவிட்டார். நாங்கள் சமாதானம் சொல்லக் கூப்பிட்டபோது எடுக்கவே இல்லை. அவருடைய நண்பர்கள் யாரும் ஆட மாட்டோம் என்றுவிட்டார்கள். ஐந்து வாரத்தில் நாங்கள் மறுபடி படகுக்கே வந்து சேர்ந்தோம்.

பழைய படகு வடிவத்தை எடுத்துத் தூசி தட்டியபோது ஒரு விஷயம் எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. என் நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்துக்காக இளவரசி ஒரு காலத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஏறி வற்றுகிற மாதிரி எழுதியிருந்தாள். அந்த அத்தியாயத்தைத் தூக்கினார்களே தவிர, தண்ணீரை நிறுத்தவில்லை. விளையாடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வற்றி, படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். என்ன அழுத்தினாலும் நகராது. இது தெரியாமல் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டோம். திட்டப் போகிறார்கள் என்று சதீஷ் போனை அணைத்து வைத்துவிட்டான்.

ஒருத்தர்கூடத் திட்டவில்லை. சிலர் இரண்டு நிமிஷம் சும்மா சுரபுன்னையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கவிதாவோடு வேலை செய்கிற ஒரு அம்மா, படகு நின்றதும் போனைச் சமையல் மேடையில் சாத்தி வைத்துவிட்டுப் பருப்பு வேகப் போட்டிருக்கிறார். அவ்வப்போது திரும்பி, செண்பகம் உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் விளையாட்டு அன்றைக்கு நாலாவது தடவையாக வகை மாறியது; இது ஓட்டுகிற விளையாட்டு இல்லை, காத்திருக்கிற விளையாட்டு என்று சதீஷ் அறிவித்தான். நான் அந்தக் கோபத்தில் இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்று வீட்டில் சண்டை போட்டேன். அந்த அம்மா கவிதாவிடம் சொல்லி அனுப்பியது இது:

“சரியா மூணாவது விசில் வந்துது, தண்ணியும் ஏறிடிச்சு. ரொம்ப நல்லா இருக்குதுங்க.”

வாளித் தண்ணீர்

காத்திருக்கிற விளையாட்டில் யாரும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த எட்டு வார்த்தைகளும் போயின. என்னைச் சும்மா உட்கார வைக்கக் கூடாதே என்று சதீஷ் எனக்குச் சத்தம் சேகரிக்கிற வேலை கொடுத்தான். துடுப்புச் சத்தம் வேண்டும். ரயிலுக்கும் தெருவுக்கும் நடுவே கடலூர் ஆபீசில் அதைப் பிடிக்க முடியாது. சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையில், வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, தோசைக் கரண்டியை மெல்ல உள்ளே விட்டு இழுத்து, மறு கையில் போனைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்தேன். பகல் பதினோரு மணி. ஏதோ மறந்துவிட்டு ஆபீசிலிருந்து திரும்பி வந்த கவிதா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். நான் வாயில் விரல் வைத்து, பேசாதே என்று சைகை காட்டினேன். அவள் பேசியது பதிவில் தெளிவாக விழுந்திருக்கிறது.

“காலேஜ் வேலைய வுட்டது இதுக்குத்தானாங்க?”

கதை திரும்பி வந்தது

விளையாட்டை உலகம் முழுக்க வெளியிட ஒரு கம்பெனியைச் சதீஷ் பிடித்திருந்தான். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் முடிவு என்று ஒன்று வேண்டாமா என்று அவர்கள் கேட்டார்களாம். அந்தப் பச்சைப் புடவைப் பெண் யார், கடைசியில் அவள் ஏதாவது செய்ய வேண்டும், இப்போது பேய்க்குத்தான் மவுசு என்றார்களாம். சதீஷ் படியில் மூச்சு வாங்க ஓடி வந்தான். வைத்தியலிங்கத்தின் அண்டாவில் இடித்துக்கொண்டு வந்த சத்தம் மாடிக்கே கேட்டது. மாமா, ஒங்க கதை திரும்பி வருது, மொத ஸ்கிரீன்ல ஒங்க பேரு என்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நான் அழுதுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒன்றரை வருஷம் வாளியோடு குடித்தனம் நடத்தினவனுக்கு அந்த உரிமை உண்டு.

மூன்று வாரம் கண்ணும் கருத்துமாக எழுதினேன். நீங்கள் நாள் கணக்கில் பயணிகளை ஏற்றி இறக்குகிறீர்கள். தண்ணீர் வற்றினால் காத்திருக்கிறீர்கள். செண்பகம் முன் பலகையில் பேசாமல் வருகிறாள். கடைசியில் ஏழாம் வாய்க்காலுக்குள் படகு நுழைந்ததும் பின்னல் அவிழ்கிறது, கருவிழி மறைகிறது, அவள் எழுந்து உங்கள் கழுத்தைப் பிடிக்கிறாள். வைத்தியலிங்கம் கண்ணில் படாமல் இருக்க, அந்தக் காட்சியை புதன், வியாழன் மட்டும் செய்தோம். இளவரசி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே செய்து முடித்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இருபது வார்த்தைக் கணக்கை அன்றைக்குத் தாண்டினாள்.

“பயமாத்தான் இருக்குது சார். ஆனா இத்தினி நாளு கூடவே வந்தவள இப்படிப் பண்ண வெக்கிறது நல்லா இல்ல. அவ அந்த மாதிரி பொண்ணு கெடயாது.”

இன்னும் ஒரு சுற்று

அந்த மாதிரிப் பெண்ணா இல்லையா என்பது அவளை உண்டாக்கிய எனக்குத் தெரியாதா என்று இளவரசியோடு இரண்டு நாள் பேசவில்லை. அந்த வாரம் கலியமூர்த்தியும் அவர் மனைவி அஞ்சலாட்சியும் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கச் சிதம்பரம் வந்திருந்தார்கள். மீன் விஷயத்தில் கலியமூர்த்திக்கு எங்கள் மேலிருந்த கோபம் தணிந்திருந்தது. கீழ வீதியில் பார்த்தேன். காபி சாப்பிட வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அஞ்சலாட்சி கிள்ளை மார்க்கெட்டில் நண்டும் இறாலும் விற்பவர். வீட்டுக்காரர் மூலம் விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார், ஆடியதில்லை. புது முடிவுக்கு இவரை விட நல்ல ஆள் கிடைக்காது என்று போனைக் கையில் கொடுத்து, எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அலறுவதைப் பார்க்க வேண்டுமே.

அவர் கற்றுக்கொள்ளப் பத்து நிமிஷம் ஆயிற்று. டீச்சரை இறக்கினார், புதுப் பெண்ணை இறக்கினார். செண்பகம் மட்டும் படகில் இருந்தாள். அடுத்த துறையில் நிறுத்திப் பார்த்தார். அவள் இறங்கவில்லை. அதற்கடுத்த துறையில் கொஞ்சம் அதிக நேரம் நிறுத்தினார். இறங்கவில்லை. அப்படியே ஒவ்வொரு துறையாக நிறுத்தி நிறுத்தி, மொத்த வாய்க்காலையும் சுற்றி வந்துவிட்டார். காபி ஆறியது. கலியமூர்த்தி, கடைய சாத்திடுவான், கெளம்பு என்றார். அஞ்சலாட்சி காதில் வாங்கவில்லை. தண்ணீர் வற்றியபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். ஏழாம் வாய்க்கால் வந்தது. இங்கே நுழையுங்கள் என்று நான் கையைக் காட்டினேன். அங்க துறையே இல்லையே சார் என்று சொல்லிவிட்டு, அதைத் தாண்டிப் போய்விட்டார்.

பொறுக்க முடியாமல், எதற்கு இப்படிச் சுற்றுகிறீர்கள், ஏதாவது ஒரு கரையில் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்டேன். அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். இதுகூடத் தெரியாத ஆளா என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

“எந்தக் கரையில எறங்கறதுன்னு அதுக்கே தெரியல சார், பாவம். நாம பாட்டுக்கு ஒரு எடத்துல எறக்கி வுட்டுட்டு வந்தா ராத்திரி தூக்கம் வருமா? இருங்க, இன்னும் ஒரு சுத்து இட்டுக்கினு போறேன்.”

நன்றி வரிசை

அவர் சொன்னது, என் நாவலில் செண்பகம் கரை தெரியாமல் அலைகிற கட்டம். இருபத்தாறு பக்கம் எழுதி, பதினாறு முறை அடித்துத் திருத்திய இடம் அது. அவர்கள் கடைக்குக் கிளம்பின பிறகு சதீஷுக்குப் போன் போட்டு, ஏழாம் வாய்க்கால் முடிவைத் தூக்கிவிடு மச்சான் என்றேன். மாமா, நல்லா யோசிச்சுத்தான் பேசறீங்களா, ஒங்க பேரு போயிடும் என்றான். யோசித்துத்தான் பேசுகிறேன், செண்பகம் யார் கழுத்தையும் பிடிக்க மாட்டாள், எங்கேயும் இறங்கவும் மாட்டாள், அவளை இறங்க வைக்கிற கட்டளையை எவனாவது எழுதினால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்று கத்தினேன். பின்னணியில் இளவரசி சிரித்தது கேட்டது. வெளியிடுகிற கம்பெனிக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, யாரும் போகாத ஒரு மூலையில் விளையாட்டைப் போட்டார்கள். அங்கேயும் தேடிப் போய் விளையாடியவர்களில் ஒருவர், இதில் கதை கிதை என்று தொந்தரவு எதுவும் இல்லை, நிம்மதியாக இருக்கிறது என்று பாராட்டி எழுதியிருந்தார். கடைசித் திரையில் நன்றி என்ற தலைப்பில் கலியமூர்த்தி, அஞ்சலாட்சி, வைத்தியலிங்கம், அதற்கும் கீழே என் பெயர். சதீஷ் சங்கடத்தோடுதான் காட்டினான்.

“கதைன்னு போட்டா, எந்தக் கதைன்னு கேப்பாங்க மாமா.”

பதினொரு வருஷம் நான் எழுதிச் சேர்த்ததை நாலு பேர் கூடி ஒன்றரை வருஷத்தில் ஓர் எழுத்து விடாமல் அழித்து முடித்த பிறகுதான், அதைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்த முதல் வாசகி எனக்குக் கிடைத்தார்.